கதவோடு வந்த உத்தரவு

"பாரு, கோணலா கீதா?" என்று கேட்டான் வரதன். கதவை விட்டு இரண்டடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். கையிலிருந்த தேங்காய் மட்டையிலிருந்து பசை வாசற்படியில் சொட்டிக்கொண்டிருந்தது.

சாராள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நேராத்தான் கீது. நீதான் கோணலா நிக்கிற."

அவன் சிரித்துக்கொண்டே மறுபடி கதவருகே போய், தாளின் நடுவிலிருந்து ஓரத்துக்கு மட்டையால் ஒருமுறை நீவினான். ஒரு குமிழிகூட நிற்கக்கூடாது அவனுக்கு. திருக்கழுக்குன்றத்திலிருந்து கோவளம் வரைக்கும் சுவர் கிடைத்த இடத்திலெல்லாம் சினிமா போஸ்டரும் கட்சிப் போஸ்டரும் ஒட்டிப் பிழைத்தவன். மைதாவைக் காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் போடுவான். அதனால் அவன் ஒட்டியதை மாடு மேயாது, கரப்பான் அரிக்காது, எதிர்க்கட்சிக்காரன் நகத்தால் சுரண்டினாலும் நகம்தான் போகும். அன்று சாயங்காலம் அவன் தன் வீட்டுக் கதவில் ஒட்டியது போஸ்டர் அல்ல. சென்னை உயர் நீதிமன்றத்தின் முத்திரை போட்ட இரண்டு தாள்கள். புதுமேட்டுக் காலனியில் குடியிருப்பவர்களை மறு உத்தரவு வரும் வரை அப்புறப்படுத்தக் கூடாது என்று அரசாங்கத்துக்கே போட்ட தடை.

வக்கீல் ஹரிகிருஷ்ணன் அந்தத் தாள்களைக் கொடுக்கும்போது, இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், முத்திரை போட்ட நகல் இது ஒன்றுதான் என்று சொல்லியிருந்தார். சாராளுக்கு அது நினைவிருந்தது. "பெட்டில வெக்கச் சொன்னாரு இல்ல?" என்றாள்.

"பெட்டில வெச்சா எலி படிக்கும். கதவுல ஒட்டினா ஊரு படிக்கும்" என்றான் வரதன்.

அவன் சொன்னதில் அவளுக்குத் தப்பு தெரியவில்லை. காலனிக்காரர்களுக்கு அரசாங்கத்தின் பேச்சு என்றால் அது கதவில் ஒட்டிய தாள்தான். சதுரங்கப்பட்டினத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில், கால்வாய்க்கு இந்தப் பக்கம், கடல் தெரிகிற மேட்டில் அவர்கள் வீடுகள் இருந்தன. பண்ணையில் கூலிக்கு நின்றவர்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள். அந்த இடம் புறம்போக்கு, சுற்றுலா வளாகம் வரப்போகிறது, காலி செய்யுங்கள் என்று தாலுகா ஆபீஸிலிருந்து வந்த நோட்டீசும், எல்லோரும் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானத்தில் யாரையும் கேட்காமல் கதவு கதவாக ஒட்டப்பட்டுத்தான் வந்தது. அதைப் பார்த்துத்தான் காலனியில் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். வரதன் செயலாளர். ஊர் ஊராகச் சுற்றுபவன், நாலு பேரைத் தெரிந்தவன் என்பதைத் தவிர வேறு தகுதி யாரும் பார்க்கவில்லை. அவர்கள் ஒட்டியதற்குப் பதிலாக நாமும் ஒன்று ஒட்டுகிறோம் என்கிற குஷி அன்றைக்கு அவன் முகத்தில் இருந்தது. வேலை முடிந்து திரும்பியவர்களெல்லாம் வாசலில் நின்று இங்கிலீஷ் எழுத்தை விட்டுவிட்டு முத்திரையைப் பார்த்தார்கள். எதிர் வீட்டு அமிர்தவல்லி கிட்டே வந்து முகர்ந்து பார்த்து, "கோர்ட்டு வாசன இப்டித்தான் கீதா? உப்புமா மாரி கீது" என்றாள். மிஷன் பள்ளியில் பத்தாவது வரை படித்த சாராள், எழுத்துக் கூட்டி இரண்டு வரி படித்துக் காட்டினாள். வரதன் பசை வாளியைக் கழுவி வைத்துவிட்டு, குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாராள் கோயிலில் பாட்டுக்கு எழுந்து நிற்கும் நேரத்தில், கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்துக்கு முன்னால் இருக்கும் வளைவில், வரதன் சைக்கிளை ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போனது. சாலையை அப்போதுதான் அகலப்படுத்தியிருந்தார்கள். தகவல் கேட்டு அவள் தம்பி பெஞ்சமின் ஓடிப்போய்ப் பார்த்தபோது, போஸ்டர் சுருள் காற்றில் பிரிந்து சவுக்கு வேலியில் ஒட்டிக்கொண்டு கிடந்ததாம். பசை வாளி மட்டும் கவிழாமல் ரோட்டோரம் நின்றிருந்ததாம். அதை அவன் கையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தான். அதற்குள் பசை கட்டி தட்டியிருந்தது. சாராள் அதைக் கழுவவில்லை.

அவனை அடக்கம் செய்து சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. சாராள் மறுபடி பால்வாடி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்த வாரம். பிள்ளைகளுக்குச் சாம்பார் சாதம் கிளறிக்கொண்டிருந்தவள் காதில் முதலில் விழுந்தது அந்த இரைச்சல். கடல் இரைச்சலுக்குப் பழகிய காது, வேறு எதையும் உடனே பிரித்துவிடும். வெளியே வந்தாள். கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஜீப், ஒரு போலீஸ் வேன். பாலத்தைத் தாண்டி மேட்டில் மஞ்சள் நிறப் பொக்லைன் ஏறிக்கொண்டிருந்தது. கரண்டியைப் பாதி தூக்கிக்கொண்டு, எங்கே ஆரம்பிக்கலாம் என்று யோசிப்பது போல ஆடி ஆடி வந்தது. வெள்ளிக்கிழமைதான் வருவார்கள், அடுத்த இரண்டு நாள் கோர்ட் கிடையாது, திங்கள்கிழமை நீங்கள் ஓடி வரும்போது அங்கே வீடே இருக்காது என்று வக்கீல் முன்பே சொல்லியிருந்தார். சாராள் கரண்டியை அண்டாவிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

அவள் போய்ச் சேர்வதற்குள் அமிர்தவல்லியின் சமையல்கட்டுச் சுவர் விழுந்துவிட்டது. செங்கல் புழுதிக்கு நடுவில் ஒரு மிளகாய்த்தூள் டப்பா உருண்டு வந்து பொக்லைனின் சக்கரத்தடியில் நின்றது. பெண்கள் கூட்டமாகப் பாலத்தை நோக்கி இறங்கினார்கள். ஜீப்பின் நிழலில், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் தாசில்தார் கோபாலகிருஷ்ணன். கோபக்காரராகத் தெரியவில்லை. ராத்திரி தூங்காதவர் போல இருந்தார். பாலத்தின் இந்தப் பக்கம் கால் வைத்தால் சேறு, அதற்கப்புறம் மணல். அவர் ஷூ போட்டிருந்தார்.

"கோர்ட்டு ஸ்டே கீது சார்" என்றாள் சாராள். மூச்சு வாங்கியது.

"ஸ்டே இருந்தா எனக்குக் காப்பி வந்திருக்கணுமே. வரல."

"வக்கீல் ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புனாரு."

"ஆபீஸ்ல ஆயிரம் தபால் வருது, பாத்துட்டுச் சொல்றேன். இப்ப உங்ககிட்ட இருந்தா காட்டுங்க. இல்லன்னா வேலைய நிறுத்த எனக்கு அதிகாரம் கிடையாது. மேலேருந்து உத்தரவும்மா."

அமிர்தவல்லியின் தலையெல்லாம் சுண்ணாம்புப் புழுதி. "எம்மாம் மேலேருந்து சார்?" என்று கேட்டாள். "கோர்ட்டுக்கும் மேலயா? அங்க இன்னா கீது, மேகம்தான கீது?"

போலீஸ்காரர் ஒருவர் சிரிப்பை அடக்க வேனைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தாசில்தார் சிரிக்கவில்லை.

"உத்தரவு எங்க வூட்டுக் கதவுல ஒட்டிக் கீது. வந்து பாருங்க சார், இந்தா, கூப்பிடு தூரம்" என்றாள் சாராள்.

"நான் வீடு வீடாப் போய்க் கதவு படிக்க முடியாதும்மா. உத்தரவு வெச்சிருக்கறவங்கதான் கொண்டாந்து காட்டணும். கிழிச்சு எடுத்துட்டு வா."

அவள் திரும்பி ஓடினாள். பின்னால் பெஞ்சமினும் ஓடி வந்தான். கதவின் முன்னால் நின்று, தாளின் மேல் ஓரத்தில் நகத்தை விட்டுப் பார்த்தாள். வரவில்லை. தண்ணீர் தொட்டுத் தேய்த்தாள். மயில்துத்தத்தின் லேசான நீலம் விரலில் வந்தது, தாள் வரவில்லை. பெஞ்சமின் கத்தியின் முனையைக் கொடுத்து நெம்பியபோது ஓரத்தில் ஒரு சிட்டிகை கிழிந்து, 'மெட்ராஸ்' என்ற ஊரின் பாதி அவன் விரலோடு வந்துவிட்டது. "ஐயோ, வுடு வுடு" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள். இன்னும் கொஞ்சம் போனால் முத்திரை போய்விடும். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அவளுக்கு வரதன்மேல் ஒரு கோபம் வந்து ஏறியது. இப்படியா ஒட்டுவான் ஒரு மனுஷன்? கையில் அகப்பட்டிருந்தால் நன்றாகத் திட்டியிருப்பாள். அந்தக் கோபமே ஒரு பலமாக இருந்தது.

"கடப்பார எடுத்தாடா" என்றாள்.

"இன்னாத்துக்குக்கா?"

"கதவக் கயட்டு."

உப்புக்காற்றில் கீல் திருகுகளெல்லாம் துருவேறி மரத்தோடு மரமாக மக்கிப்போயிருந்தன. பெஞ்சமின் ஒரே நெம்பு நெம்பியதும் மேல் கீல் நிலையிலிருந்து பிய்ந்துகொண்டு வந்தது. கீழ்க் கீலுக்கு அவன் காலால் ஒரு உதை கொடுத்தான். கதவு அப்படியே சாராள் மேல் சாய்ந்தது. இரண்டு பேருக்கும் அது கனம். அதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, படிக்கும் பக்கம் மேலே இருக்கும்படி தூக்கிக்கொண்டு மணலில் இறங்கினார்கள். "சாமி ஊர்வலம் மாரி போதுடி" என்றாள் ஒருத்தி. "சாமிய விடு. ஓடு, இல்லாட்டி உன் வூட்டுக்கு எமன் போறான்" என்றாள் அமிர்தவல்லி. கதவு ஆடிற்று, தாழ்ப்பாள் டக்டக்கென்று அடித்துக்கொண்டது, யாரோ ஒருத்தி மணலில் தடுக்கி விழுந்து எழுந்து மறுபடி ஓடி வந்து பிடித்தாள். சிறுசுகள் வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டு முன்னால் ஓடினார்கள். பொக்லைன் அடுத்த வீட்டுக் கூரையை நோக்கிக் கரண்டியைத் தூக்கியிருந்தது. கதவு போய் அதன் முன்னால் நின்றது. பாலம் வரைக்கும் போகவில்லை. சாராள்தான் அப்படி நிறுத்தச் சொன்னாள். கதவை நெட்டுக்குத்தாக நிறுத்தி, பின்னால் ஆறு பெண்கள் முதுகு கொடுத்தார்கள்.

பொக்லைன் ஓட்டுநர் சடையப்பன் சேலத்துப் பக்கத்து ஆள், நடுவயசு. கரண்டியைக் காற்றில் நிறுத்திவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தார். கதவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். இங்கிலீஷ் தெரியாதவர் படிக்கும் முறை எல்லா ஊரிலும் ஒன்றுதான். நேரே முத்திரைக்குப் போனார். குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் எதுவும் பேசாமல் மேலே ஏறி, எஞ்சினை நிறுத்தினார். திடீரென்று கடல் கேட்டது.

"யோவ், யார்யா நிறுத்தச் சொன்னது?" பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து தாசில்தார் எழுந்துவிட்டார்.

"சார், கோர்ட்டு முத்திரை இருக்குதுங்க சார். நீங்க ஆபீஸருங்க, மாறுதல் வாங்கிட்டுப் போயிடுவீங்க. கேசுல ஏறப்போற வண்டி நம்பர் என்னுதுங்க. எனக்கு எதுக்குங்க?"

அப்போதுதான் தாசில்தார் ஷூவோடு சேற்றில் இறங்கி வந்தார். நிழலுக்காகக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு கதவைப் படித்தார். முழுசாகப் படித்தார். இரண்டாவது தாளுக்கு முழங்காலை மடக்கிக் குனிய வேண்டியிருந்தது. அவர் முகத்தில் ஏதோ ஒரு மாற்றம் வந்ததைச் சாராள் பார்த்தாள். அது பயமா நிம்மதியா என்று அவளுக்குத் தெரியவில்லை. நிமிர்ந்தபோது பழைய முகம் வந்துவிட்டது.

"இதுல மனுதாரர் சங்கச் செயலாளர் வரதன்னு போட்டிருக்கு. யாரு அது?"

பெண்கள் சாராளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் வூட்டுக்காரரு" என்றாள் சாராள். "தவறிட்டாரு."

அவர் மறுபடி முதல் தாளைப் பார்த்தார். "அப்ப மனுவே இல்லையேம்மா. மனு போட்டவர் இல்லன்னா வழக்கு எப்படி நிக்கும்? எனக்குப் புரியுது, வருத்தமாத்தான் இருக்கு. ஆனா இன்னிக்குச் சாயங்காலம் நான் முடிச்சாச்சுன்னு ரிப்போர்ட் கொடுக்கணும்."

அவன் போனதோடு எல்லாமே போயிற்று என்று ராத்திரிகளில் சாராள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை, ஒரு அரசாங்க அதிகாரி பட்டப்பகலில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். ஆனால் அடுத்தவர் வாயால் கேட்டபோது அதை அவளால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. "ரவ நேரம் இருங்க சார்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், பாலம் தாண்டி மெயின் ரோட்டில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினாள்.

ஹரிகிருஷ்ணனின் அறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரோட்டில் மாமல்லபுரம் பஸ் ஒன்று நின்று, ஆளை இறக்கி, போயிற்று. கடைசியில் ஹரிகிருஷ்ணனே எடுத்தார். அவளுக்குப் பேச்சு தொடர்ச்சியாக வரவில்லை. பொக்லைன், கதவு, செத்துட்டாரு, வழக்கு செத்துட்டுதாம் என்று துண்டு துண்டாகச் சொன்னாள்.

வக்கீலுக்கு வரதன் இறந்தது அப்போதுதான் தெரியும். எப்படி, எப்போது என்று கேட்டார். அப்புறம் அவர் குரல் வேகமாக வந்தது. "அம்மா, கேளுங்க. வழக்கு போட்டது சங்கம். சங்கம் சாகலை. இப்ப செயலாளர் யாரு?"

"யாரும் இல்லீங்க."

"அப்ப இப்பவே ஒருத்தரைத் தேர்ந்தெடுங்க. கூட்டம் போட்டு, எதுலயாவது எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. நான் மத்தியானம் கோர்ட் கூடினதும் நீதிபதிகிட்டச் சொல்லி அவசரமா எடுக்கச் சொல்றேன். அதுவரைக்கும் அந்த மிஷின் நகரக்கூடாது. முடியுமா?"

"கதவுக்குப் பின்னால பொம்பளைங்க நிக்கறாங்க" என்றாள். அது அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, "நல்லது" என்றார்.

திரும்பி ஓடி வந்து அவள் விஷயத்தைச் சொன்னதும் மேட்டில் ஒரு சந்தை இரைச்சல் கிளம்பியது. யார் செயலாளர் என்று யாரும் கேட்கவே இல்லை. "சாராதான்" என்றாள் அமிர்தவல்லி, "அதுக்குத்தான் இங்கிலீஷ் வரும். கைய தூக்குங்கடி." கூட்டத்தில் கைகள் எழும்பின. கதவைப் பிடித்திருந்தவர்கள் கையை எடுத்தால் கதவு விழும். "நாங்க தலய ஆட்டுறோம், எண்ணிக்கோ" என்றார்கள். ஆண்களில் ஒருவர் மட்டும், பொம்பள செயலாளர்னா ஆபீஸ்ல மதிப்பானா என்று இழுத்தார். "ஆம்பள செயலாளருங்க வேன் வந்ததும் சவுக்குத் தோப்புல இன்னா தேடிகினு இருந்தீங்க, பல்லு குச்சியா?" என்று அமிர்தவல்லி கேட்டதும் அவர் கையும் மேலே போனது. எழுதத் தாள் வேண்டும். பெஞ்சமின் வீட்டுக்குள் ஓடி, வரதன் ஒட்டாமல் மிச்சம் வைத்திருந்த சினிமா போஸ்டர் ஒன்றை எடுத்து வந்தான். மணலில் கவிழ்த்துப் போட்டு, காற்றில் பறக்காமல் நாலு மூலையிலும் அமிர்தவல்லி வீட்டுச் செங்கல்லை வைத்து, அதன் வெள்ளை முதுகில் சாராள் தீர்மானம் எழுதினாள். எல்லோரும் வரிசையாக மண்டியிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். கை நாட்டு வைப்பவர்களுக்கு மை இல்லை. பொக்லைன் சக்கரத்து அச்சிலிருந்த கருப்பு மசியைச் சடையப்பனே விரலில் தொட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். தாசில்தார் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தடுக்கவில்லை. நாற்காலியைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து போடச் சொல்லி உட்கார்ந்தார்.

பிறகு காத்திருப்பது மட்டும்தான். வெயில் உச்சிக்கு ஏறி இறங்கியது. கதவுக்குப் பின்னால் ஆட்கள் மாறி மாறி நின்றார்கள். பால்வாடிச் சாம்பார் சாதம் அடிப்பிடித்தது பாதி, பிடிக்காதது பாதி, அண்டாவோடு மேட்டுக்கு வந்தது. பிள்ளைகளுக்குப் போக மிச்சத்தில் போலீஸ்காரர்களும் சாப்பிட்டார்கள். சடையப்பனுக்கு அமிர்தவல்லி இரண்டாம் முறை போட்டாள். "சுவர இடிச்சதுக்கு ஒரு கரண்டி, நிறுத்தனதுக்கு ஒரு கரண்டி, துன்னு" என்றாள்.

தாசில்தாரின் செல்போன் அடித்தபோது எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர் பேசிக்கொண்டே கடல் பக்கம் நடந்தார். முதுகுதான் தெரிந்தது. முதலில் அந்த முதுகு நிமிர்ந்திருந்தது. அரசு வக்கீல் பேசுகிறார் போலும், "ஆமா சார், கதவுல சார், கதவுன்னா வாசக்கதவு சார்" என்று காற்று ஒரு துண்டைக் கொண்டுவந்து போட்டது. அப்புறம் நிறைய "யெஸ் சார்." திரும்பி வந்தவர் சாராள் முன்னால் நின்று, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கதவில் இருந்த வழக்கு எண்ணைத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

"திங்கக்கிழமை ஆபீஸுக்கு வந்து ஒரு காப்பி கொடுத்துடும்மா" என்றார். "தாள்ல."

அப்புறம் பொக்லைன் பக்கம் திரும்பினார். "சடையப்பன், வண்டியத் திருப்பு."

பொக்லைன் பாலம் இறங்கும் வரைக்கும் பெண்கள் கதவை விடவில்லை. இறங்கியதும் எழுந்த கூச்சலில் சவுக்கிலிருந்த காக்கைகளெல்லாம் பறந்தன. அமிர்தவல்லி தன் இடிந்த சமையல்கட்டுக்குள் போய் நின்று, ஆகாயத்தைப் பார்த்து ஆட ஆரம்பித்துவிட்டாள். பெஞ்சமினை யாரோ தோளில் தூக்கினார்கள். சாராளுக்கு உடம்பெல்லாம் பறந்தது. கால் தரையில் நிற்கவில்லை. அவள் கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு, மணலில் செருப்பு ஒன்று கழன்றதைக்கூடப் பார்க்காமல், வீட்டைப் பார்த்து ஓடினாள். நீ ஒட்டின ஒட்டு பொக்லைனையே நிறுத்திப்போட்டதுய்யா என்று சொல்லத்தான் ஓடினாள். வாய் வரைக்கும் வந்துவிட்டது. கதவில்லாத நிலைக்கு உள்ளே வீடு முழுசும் ஒரே பார்வையில் தெரிந்தது: அடுப்பு, பாய், ஜன்னல், அதற்கப்பால் கடல். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு, வெளியே கூச்சல் ஓயும் வரை அங்கேயே நின்றாள்.

வழக்கு அதற்கப்புறம் எத்தனையோ முறை வந்தது. ஒரு நீதிபதி மாறி இன்னொருவர் வந்தார். அரசாங்கம் மாறியது. சுற்றுலா வளாகம் வேறு பெயரில் ஒருமுறை வந்தது, அதற்கும் பதில் மனு போட்டார்கள். கோபாலகிருஷ்ணன் மாறுதலாகிப் போனார். ஹரிகிருஷ்ணனுக்குக் காதோரம் நரைத்தது. அமிர்தவல்லி புதிய சுவரில் ஒரு ஜன்னல் வைத்துக்கொண்டாள். செயலாளர் பெயரை மாற்ற ஒரு மனு போட வேண்டும் என்று வக்கீல் சொல்லி, சாராள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்த மனு எந்தக் கட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டதோ, உத்தரவு வரவில்லை. நினைவுபடுத்தட்டுமா என்று அவர் ஒருமுறை கேட்டார். அவள் அவசரமில்லைங்க என்றாள். அப்புறம் அவர் கேட்கவில்லை.

விசாரணை நாட்களில் விடியற்காலை பஸ் பிடித்துப் போவாள். கருப்புக் கோட்டுகளுக்குப் பின்னால், சுவரோரம் கடைசி பெஞ்சில் இடம் பிடித்துக்கொள்வாள். மின்விசிறி சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழாது. அது பரவாயில்லை. ஒன்றுக்காக மட்டும் காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள். கோர்ட் அலுவலர் பட்டியலில் அடுத்த வரியைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கப் படிப்பார்: "புதுமேட்டுக் காலனி குடியிருப்போர் நலச் சங்கம், செயலாளர் வரதன்."

வக்கீல் எழுவதற்கு முன்பே அவள் எழுந்துவிடுவாள்.